நிலைக்குழு குப்பத்துக்கு வந்தபோது

"டிவில கத்திகினு கீறாங்களே, அங்கயா உனக்கு வேலை?" என்று கூடுவாஞ்சேரி அத்தை ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பாள். அங்கே இல்லை, பக்கத்துக் கட்டடத்தில் என்பேன். அங்கே எல்லாக் கட்சி எம்.பி.க்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, துறை அதிகாரிகளை வரவழைத்துக் கேள்வி கேட்பார்கள். அதற்கு நாடாளுமன்ற நிலைக்குழு என்று பெயர். அவர்கள் பேசியதை வைத்து அறிக்கைக்கு வரைவு எழுதுகிற அதிகாரிகளில் நானும் ஒருத்தி. குழு அறையில் கேமரா கிடையாது என்று சொன்னால் அத்தை நம்பமாட்டாள். "அப்போ எதுக்குப் பேசறாங்க?"

ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட பிறகு, அந்த அறைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. சபையில் ஒருவரையொருவர் கிழித்துவிட்டு வந்தவர்கள் அங்கே பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொள்வார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், வக்கீல். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். இருவரும் பேசாமல் ஒரு கூட்டமும் முடியாது. தலைவர் ஒரு மலை மாநிலத்துப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் எல்லாரும் நிறுத்திக்கொள்வார்கள்.

கடலரிப்பைப் பற்றி ஆராய்ந்த வருஷம் குழு மாமல்லபுரத்துக்கு வந்தது. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் அணியில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான். ஓட்டல் அரங்கில் அதிகாரிகள் படம் போட்டு விளக்கினார்கள். தலைவர் பாதியிலேயே, "கடலைப் போய்ப் பார்ப்போமே" என்றார். வேனில் ஏறிப் பக்கத்துக் குப்பத்துக்குப் போனோம்.

மீன் விற்கிற பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், முன்னால் வந்து நின்றாள். "எங்க வூட்டுக்கு முன்னால ரெண்டு வரிசை வூடு இருந்திச்சி. இப்ப எங்க வூடுதான் மொத வூடா கீது. அல வந்தா வாசப்படில வந்து ஒக்காருது."

டெல்லியில் அத்தனை வருஷத்தில் அரசாங்கக் கூட்டம் எதிலும் எங்கள் ஊர்ப் பேச்சில் 'கீது' என்று ஒரு குரலைக் கேட்டதில்லை. அவள் சொன்னதைத் தணிந்த குரலில் இந்தியில் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்த ஊரு?"

"செங்கல்பட்டு."

"அப்போ ஏன் இப்டி மெதுவா சொல்ற? நான் கோவமா சொன்னா நீயும் கோவமா சொல்லு."

அடுத்ததைக் கோபமாகவே சொன்னேன். தலைவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்து, பிறகு சிரித்துவிட்டார். கடலுக்குள் கல்லைக் கொட்டி, அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவு போடுவீர்களா மாட்டீர்களா என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி. "எங்களால் போட முடியாது" என்று தலைவர் உள்ளதைச் சொன்னார். "எழுத முடியும். அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும்."

"எழுதுங்க. இன்னா பதில் வந்துச்சின்னு எங்களுக்கும் சொல்லணும்" என்றவள், என் பக்கம் திரும்பி, "நீ வந்து சொல்லு" என்றாள்.

இதற்குள் இடிந்த சுவர் ஒன்றைப் பார்க்கப் போன வக்கீலை அலை இடுப்புவரை நனைத்துவிட்டது. ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். யாரோ ஒரு கட்டம்போட்ட லுங்கி கொடுத்தார்கள். அதைக் கட்டத் தெரியாமல் வக்கீல் தவிக்க, ஆசிரியர்தான் கட்டிவிட்டார். ஓட்டல் வரைக்கும் வேனில் ஒரே கும்மாளம்.

டெல்லி திரும்பி வரைவு வைத்தேன். துறை 'அலட்சியமாக' இருந்தது என்று ஒரு வரி. குழுவில் பலர் பேசியதைத்தான் எழுதியிருந்தேன். ஆளுங்கட்சிக்காரரான வக்கீல் கூடாது என்று தலையாட்டினார். "இந்தச் சொல் இருந்தால் நான் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்." அப்படி ஒரு குறிப்பு சேர்ந்தால் அறிக்கையின் பலம் பாதியாகிவிடும். எல்லாரும் ஆசிரியரைப் பார்த்தோம். அந்தச் சொல்லுக்காக அதிகம் வாதாடியவர் அவர்தான்.

அவர் தன் காகிதத்தில் அந்தச் சொல்லை அடித்தார். "எடுத்துவிடுங்கள்" என்றார். "எனக்குச் சொல் வேண்டாம், கல் வேண்டும்."

வக்கீல் உடனே நிமிர்ந்தார். "அப்படியென்றால் அடுத்த மழைக்காலத்துக்குள் வேலை தொடங்க வேண்டும் என்று சேருங்கள். நானே முன்மொழிகிறேன்." அறிக்கை ஒருமனதாக நிறைவேறியது. இருவரும் பேசிக்கொண்டே வராந்தாவில் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு என் வேலைமீது எனக்கிருந்த பெருமை பிறகு எப்போதும் வரவில்லை.

பதில் வந்தது. 'பரிசீலனையில் உள்ளது.' குழு அதை ஏற்கவில்லை. அதிகாரிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கடுமையாகக் கேட்டவர் வக்கீல்தான். அதன்பிறகே சம்மதம் வந்தது. கொஞ்ச நாளில் தேர்தலும் வந்தது. தலைவர் தோற்றுப்போனார், குழு கலைந்தது.

விடுமுறையில் குப்பத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணின் வீடு இருந்த இடத்தில் தண்ணீர். ஈ.சி.ஆர். சாலை ஓரத்தில் மீன் கூடை வைத்திருந்தவளைத் தேடிப் பிடித்து, கல் வரப்போகிறது என்றேன். "இன்னும் சத்தமா சொல்லு" என்றாள். பக்கத்துக் கடைக்காரிகளும் கேட்கும்படி திரும்பச் சொன்னேன். "என் வூடு பூட்ச்சி. பின்னால கீறவங்களாவது இருக்கட்டும்" என்று மீனை வெட்டத் தொடங்கினாள்.

இப்போது அங்கே கற்கள் நீளமாகக் கடலுக்குள் போகின்றன. உள்பக்கம் படகுகள் நிற்கின்றன. போன வாரம் போனபோது அவள் நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். அன்றைக்கு என்னோடு வேனில் வந்தவர்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சதும் நீ வந்து சொல்லு" என்று பையை என் கையில் கொடுத்தாள்.