பலகையில் நின்ற காட்டெருமை

முன்மேசை வேலை என்பது, மற்றவர்கள் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குவது. ஆஸ்பத்திரியோ லாட்ஜோ ஆபீஸோ, எங்கேயாவது முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பவராக நீங்கள் இருந்தால், நமக்குள் அறிமுகமே தேவையில்லை. உங்களுக்கு இருக்கும் அதே வியாதிதான் எனக்கும். டாக்டர் அதை அசிடிட்டி என்பார். அது வயிற்றெரிச்சல் என்பது நமக்குத் தெரியும்.

நான் உட்கார்ந்திருப்பது குன்னூரில், தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு பழைய பங்களாவில். எங்கள் முதலாளி கோயம்புத்தூர்க்காரர். பங்களாவில் மேசை நாற்காலி போட்டு, வேகமான நெட் இழுத்து, பெரிய ஊர்க் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் லேப்டாப்போடு வந்து உட்கார வாடகைக்கு விடுகிறார். கோ-ஒர்க்கிங் என்று வெளியே எழுதியிருக்கிறது. டீயும் பன்னும் மேரி அக்கா பொறுப்பு. நெட் போனால் திட்டு வாங்குவது என் பொறுப்பு.

பரீட்சை ஹால்

ஆரம்பித்த புதிதில் உள்ளூர்க்காரர்களுக்கு இது என்ன கடை என்றே பிடிபடவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள், ஆதார் திருத்த வந்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பல் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். நாற்காலியை வாடகைக்கு விடுகிறோம் என்று விளக்கினால், கல்யாணத்துக்கு எத்தனை கிடைக்கும் என்றார்கள்.

ஒரு நாள் இத்தலார் பக்கத்திலிருந்து ஒரு கேரட் விவசாயி வந்தார். பேத்தியின் காலேஜ் விண்ணப்பத்தை நெட்டில் போட வேண்டுமாம். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வரிசையாக இளைஞர்கள், தலை குனிந்தபடி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் என்னிடம் வந்து, காதோடு காதாகக் கேட்டார்:

“ஏனுங்க, பரீட்சை நடக்குதுங்களா? நான் முடிஞ்சப்பறம் வாரனுங்க.”

எங்க ஊர்ல

ஜன்னலோர மேசைக்கு எங்களிடம் தனிக் கட்டணம். அங்கே உட்காருகிறவர்கள் மீட்டிங் ஆரம்பித்ததும் முதல் காரியமாக லேப்டாப்பைத் திருப்பி, சென்னையில் வியர்த்துக்கொண்டிருக்கும் மேனேஜருக்கு மூடுபனியைக் காட்டுவார்கள். நான் இந்த மூடுபனியில்தான் பிறந்தேன். ஜலதோஷத்தைத் தவிர அது எனக்கு இதுவரை எதையும் கொடுத்ததில்லை.

என் அப்பா சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் கல்யாணம் செய்ததும் இந்த மலையில்தான். இருந்தும், எங்கள் வீட்டுக்கு வழி கேட்கிறவர்களிடம், “சிலோன்காரங்க ஊடுங்களா?” என்றுதான் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் திருப்பிக் கேட்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஓர் அடையாளத்துக்குச் சொல்வது. ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

அப்படி இருக்கையில், செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வந்து இறங்கிய ஒரு பையன் வியாழக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு டீ கொண்டுபோனேன். தலையசைத்து வாங்கிக்கொண்டு, எதிர்முனையில் இருந்தவரிடம் வெகு இயல்பாகச் சொன்னான்:

“எங்க ஊர்ல இன்னிக்குக் குளிர் கொஞ்சம் கம்மிதான்.”

கத்தரிக்காய்க்குக் கொம்பு

எனக்கென்று அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே ஒரு கரும்பலகை. வருகிறவர்களை உற்சாகப்படுத்த தினமும் ஒரு நல்ல வாக்கியம் எழுதச் சொல்லி முதலாளி வாங்கி வைத்தது. ‘இன்றைய நாள் உன் நாள்’ என்று ஒரு வாரம் எழுதினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு எனக்குத் தெரிந்ததை எழுத ஆரம்பித்தேன். பர்லியாரில் மரம் விழுந்திருக்கிறது, மேட்டுப்பாளையம் போகிறவர்கள் கோத்தகிரி வழியாகப் போகவும். மத்தியானம் கரண்ட் இருக்காது, முக்கியமான மீட்டிங்கைக் காலையிலேயே முடிக்கவும். மெஸ்ஸில் இன்று மீன் உண்டு.

காட்டெருமைக்கு மட்டும் படம். சாப்பாட்டுக்குக் கீழே மெஸ்ஸுக்குத்தான் போக வேண்டும், வழி தேயிலைச் செடிகளுக்கு நடுவே. அதில் அடிக்கடி காட்டெருமை வந்து நின்றுவிடும். நின்றால் பலகையில் ஒரு காட்டெருமை வரைவேன். அது அந்தப் பக்கம் போனபிறகு அழிப்பேன். படம் அழியும்வரை ஒருவரும் வெளியே கால் வைக்க மாட்டார். லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் என் சாக்பீஸுக்குக் கட்டுப்பட்டு பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பலகைக்காகத்தான் காலையில் வேலைக்கு வரப் பிடித்தது.

ஓவியம் எனக்கு வராது. முதல் தடவை வரைந்ததை மேரி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்:

“பாத்தா சுட்ட கத்தரிக்காயாட்டம் இருக்குது தம்பி. ஆனா கொம்பு வெச்சிருக்கறதால பயமாத்தான் இருக்குது.”

ஒண்ட வந்த பிடாரி

வர்ஷா சென்னையிலிருந்து வந்தாள். டிசைனர். மூன்று மாதத்துக்கு மேசை எடுத்திருந்தாள். நல்ல பெண், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள், குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். வெறுப்பதற்கு ஒரு காரணமும் கொடுக்காதவர்கள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு காலையில், பலகையில் தான் ஏதாவது வரையலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். நாக்குதான் சொன்னது. அரை மணியில் ஓர் ஓரத்தில் பெரணி இலை சுருண்டு வளர்ந்தது. மறுநாள் குருவி. அதற்கு மறுநாள் மலை ரயில், புகையோடு. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் பலகை முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து எனக்குப் போன் செய்து, “இதைத்தான், தங்கராஜ், இத்தனை நாள் எதிர்பார்த்தேன்” என்றார். கலர் சாக்பீஸ் டப்பாவை நான் முதலுதவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சென்னையிலிருந்து இன்னும் நல்லதாக ஒரு டப்பாவை அவள் வரவழைத்தாள்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்கள். எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாராவது சொல்லக்கூடிய பழமொழியை நான் இன்னொருத்தியைப் பார்த்து முணுமுணுத்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருந்த என் மரமும் கரண்டும் மீனும் தினம் ஒரு சாண் நகர்ந்து பலகையின் அடிக்கு வந்துவிட்டன. அப்போதும் அவள் கேட்டுத்தான் செய்தாள்:

“அண்ணா, உங்க டெக்ஸ்ட்ட இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிக்கலாமா? ரயிலுக்கு இடம் பத்தல.”

மூடுபனியில் ஒரு பட்டினி

மீட்டர் விஷயமாக நான் ஒரு நாள் வீட்டிலிருந்து நேராகக் கரண்ட் ஆபீஸுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மூடுபனி கேட்டுவரைக்கும் வந்து நின்றது. காலையில் முதலில் வந்தவள் வர்ஷா. பலகை காலியாக இருக்கிறதே என்று, அது என் எச்சரிக்கை என்ற நினைவே இல்லாமல், முந்தின நாள் ஏதோ போட்டோவில் பார்த்த காட்டெருமையை முழுப் பலகைக்கும் வரைந்தாள். முறுக்கிய கொம்பு, திமில், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்கள், எல்லாம் அச்சு அசல். கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய், காதில் மாட்டிக்கொண்டு, கிளையண்டோடு பேச உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து வந்தவன் நவீன். கோயம்புத்தூர்ப் பையன், எங்களிடம் வெகுநாளாக மேசை வைத்திருப்பவன். பலகையைப் பார்த்ததும் உயிர் தப்பி வந்ததாக நினைத்துக் கதவைச் சாத்தினான். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அப்படியே தப்பினார்கள். மேரி அக்கா சமையல்கட்டுக் கதவுக்குத் தாழ் போட்டார். அறையிலிருந்து வெளியே வந்த வர்ஷாவிடம் வெளியே காட்டெருமை நிற்கிறது என்றார்கள். அவளும் பயந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். தான் வரைந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பன் தீர்ந்தது. மேரி அக்கா தனக்கென்று கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோறும் ஆளுக்கு ஒரு வாயாகத் தீர்ந்தது. கடைசியில் நவீன் முதலாளிக்குப் போன் செய்ய, அவர் யாரையோ பிடித்து ஃபாரஸ்ட் வாட்சரை அனுப்பச் சொன்னார்.

நான் திரும்பி வரும்போது அவர்கள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, வராதீங்க என்று கத்தினார்கள். காட்டெருமை எனக்குப் பின்னாலேயே நிற்கிறது என்று நினைத்து, கேட்டுப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாட்சர் வந்து, என்னைத் தாண்டி, கம்பைத் தட்டிக்கொண்டு பங்களாவை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே போய் யார் பார்த்தது என்று விசாரித்தார். எல்லோரும் பலகையைக் காட்டினார்கள். அவர் கிட்டே போய், கொம்பிலிருந்து குளம்புவரை நிதானமாகப் பார்த்தார்:

“படம் நல்லாருக்குதுங்க. கால்ல வெள்ளைகூட செரியாப் போட்டிருக்கறாங்க. எருமையத்தானுங்க காணோம்.”

பாராட்டு

அன்று எனக்கு உள்ளுக்குள் பொங்கிய சந்தோஷத்தை எழுதினால் என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்விடும். வர்ஷா முகம் சிவந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லைம்மா, அழகு வேறு செய்தி வேறு என்று பெரிய மனுஷனாக அவளைத் தேற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். நவீனைத் தனியாகக் கூப்பிட்டு, என் படத்துக்கும் அவள் படத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை பேரும் பட்டினி கிடந்தீர்கள் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னான்:

“நீங்க ஒரு நாளைக்கு நல்லா வரைஞ்சுட்டீங்கன்னு நெனச்சோமுங்ணா.”

கேக் வெட்டிய நாள்

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. பலகையின் வலது பாதியில் சுண்ணாம்புக் கோடு போட்டு எனக்கு ஒதுக்கினார்கள். இடது பாதி வர்ஷாவுக்கு. நான் விடுப்பில் இருந்த ஒரு நாள் உண்மையாகவே காட்டெருமை வந்துவிட, அவள் என் பாதியில் கொம்பு வைத்த கத்தரிக்காயை வரையப் பார்த்திருக்கிறாள். இது அண்ணா போட்டதில்லை என்று சொல்லி ஒருவர் மெஸ்ஸுக்குக் கிளம்பியே விட்டாராம். மேரி அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது.

மூன்று மாதம் முடிந்து வர்ஷா சென்னைக்குக் கிளம்பினாள். மேசையைக் காலி செய்கிறவர்களுக்குக் கேக் வெட்டுவது எங்கள் வழக்கம். அந்தக் கேக்கை வாங்கி வருவது நான், போட்டோ எடுப்பது நான், அதனால் எந்தப் போட்டோவிலும் இல்லாதவனும் நான். அன்றும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றே மாதத்தில் இவளுக்காகக் கண் கலங்க இத்தனை பேரா என்று பொருமிக்கொண்டிருந்தேன். அவள் முதல் துண்டை எடுத்துக்கொண்டு நேராக என் முன்மேசைக்கு வந்தாள். ஊருக்குப் போகிற பெண்ணிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, உன் கை எனக்கு இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்றேன். மூன்று மாதமாக மனதில் இருந்ததில் அது ஒன்றைத்தான் வெளியே சொல்ல முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இத்தன வருஷமா டிசைன் பண்றேண்ணா. என் படத்தப் பாத்து யாரும் ஒரு அடி நகந்ததில்ல. அன்னிக்கு அத்தன பேரும் சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. அதுவும் நீங்க போட்டதுன்னு நெனச்சு. எனக்கு ரொம்பப் பொறாமையா இருந்துச்சு.”

முன்மேசைக்காரனுக்குச் சம்பள உயர்வு எப்போதாவதுதான் வரும். அந்த வருஷத்துக்கு எனக்கு வந்தது ஒருத்தியின் பொறாமை, அதைப் பிடித்தம் ஏதும் இல்லாமல் முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.