தார் பூசிய படகும் என் வாய்ச்சொல்லும்

சிட்னியில், லிட்கமில் தச்சுப் பட்டறை போட்டேன். கெல்லிவில்லில் இரண்டு மாடி வீடு எழுப்பினேன். அகதியாக வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்த காலத்திலும் உடைந்த கதிரை மேசைகளை ஆணியில்லாமல் கட்டிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன், இவ்வளவும் செய்தேன். ஆனால் நான் கட்டியவற்றில் என்னையே பயப்படுத்தியது சூமாஷ் படகு ஒன்றுதான்.

சூமாஷ் மக்கள் கலிபோர்னியாக் கடற்கரையின் பூர்வ குடிகள். அவர்களில் ஒரு பெண் தங்கள் பலகைப் படகை ஒரு கண்காட்சிக்காக சிட்னியில் கட்ட வந்தார். கண்காட்சியை நடத்திய தமிழ்நாட்டுப் பெண்பிள்ளை அவரை என் பட்டறைக்கு அழைத்து வந்தாள். மரத்தைச் சுறாத் தோலால் தேய்த்து, பலகைகளில் துளையிட்டு, நார்க் கயிற்றால் தைத்து, மரப் பிசினும் தாரும் காய்ச்சி இடுக்குகளை அடைப்பது அவர்கள் முறை. ஊரில் எங்கள் கரைவலை வள்ளமும் கயிற்றால் தைத்ததுதானே! கை தானாகப் போனது.

"தையல் என்ர பொறுப்பு. கண்காட்சிப் பலகையிலை என்ர பேர் வரவேணும்" என்று பிள்ளையிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

வெளிக்கிடும்போது 'போறன்' என்று வெறுமனே சொல்வது எங்களிடம் இல்லை. போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும். தைத்துத் தார் பூசி முடித்த மாலை படகைத் தட்டி, எங்கள் பேச்சில் "போட்டு வாறன்" என்றேன்.

பிள்ளை சிரித்தாள். "என்ன அங்கிள், போட்டு வாறனா? போட்டு வருது, படகு வருதுன்னு இல்ல கேக்குது!"

"கால் முளைச்சா வரட்டும் பிள்ளை."

மறுநாள் காலை படகின் மூக்கு கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. நிலத்தில் இழுத்த அடையாளம் இல்லை. கதவுப் பூட்டின் திறப்பு என்னிடம் மட்டுமே இருந்தது.

"உன்ர பகிடியோ?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"சத்தியமா நான் இல்ல அங்கிள்!"

அன்று மாலையும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த காலை கதவு திறபடவில்லை. உள்ளே மூக்கு முட்டிக்கொண்டு நின்றது. தள்ளித் திறந்தால் தார் மணத்தோடு உப்புக் காற்று. லிட்கமில் ஏது கடல்?

சூமாஷ் பெண் சிரிக்கவில்லை. படகைத் தடவியபடி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"இப்படி அவங்களும் பார்த்ததில்லையாம். ஆனா கூப்பிட்டது நீங்கதானாம், அங்கிள். சீக்கிரம் தண்ணியில விடணுமாம்."

ஆற்றில் விட்டோம். அந்தப் பெண்ணும் துடுப்புப் போட வந்தவர்களும் ஏறினார்கள். என் தையலில் சொட்டு நீர் கசியவில்லை. ஆனால் எவ்வளவு துடுப்பு வலித்தும் படகு மூக்கைத் திருப்பிக் கரையில் நின்ற என்னிடமே வந்தது. காற்றில்லை, நீரோட்டமும் இல்லை. விளிம்பைப் பிடித்து ஏறிக் குந்தினேன். உடனே நேராகப் போனது. எனக்குக் கீழே பலகைகள் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கின.

இப்போது கண்காட்சி நடக்கிறது. அறிவிப்புப் பலகையில் சூமாஷ் மக்களின் பெயர் முதலில் இருக்கிறது. அது நியாயம், கலை அவர்களுடையது. அதன் கீழே 'உள்ளூர்த் தொண்டர்களின் உதவியுடன்' என்று கிடக்கிறது. கேட்டால், "இடம் இல்ல அங்கிள்" என்கிறாள் பிள்ளை. தார் கிண்ட வந்த தொண்டர்களுக்கும் தைத்தவனுக்கும் ஒரே சொல்லா? படகு யாரைத் தேடி வந்தது என்று ஆற்றங்கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கண்காட்சிக்காரரே, அந்த வரியை அழியுங்கள். தைத்தவன் நான் என்று என் பெயரைப் பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள்.