கப்பலில் வந்த வள்ளம்

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு படகை விலை பேசிவிட்டு வீடியோ காலில் காட்டியபோது நான் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலேயே பார்த்தேன். வெள்ளை உடம்பு, நீலக் கோடு, நடுவில் கார் மாதிரி ஸ்டியரிங், பின்னால் இரண்டு பேர் சாய்ந்து உட்கார மெத்தை. மீன் பிடிக்க வாங்குகிற படகில் மெத்தை எதற்கு என்று கேட்டேன்.

“அதக் கழட்டிப் போடலாம்டி. விலையப் பாரு நீ. நம்ம ஊருல ஒரு வள்ளமும் எஞ்சினும் மேடிக்கணும்னா இதுக்க ரெட்டிப்பு ஆவும். இங்க மேடிச்சு கப்பல்ல ஏத்தினா பாதிக்குப் பாதி மிச்சம்.”

எங்கள் கரையில் படகை வள்ளம் என்போம், வாங்குவதை மேடிப்பது என்போம். மிச்சத்தை மட்டும் எல்லா ஊரையும் போல மிச்சம் என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தச் சொல் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தால் நான் செலவைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். முன்பு அவர் மிச்சம் பிடித்து அங்கிருந்து அனுப்பிய துவைக்கும் மெஷினுக்கு ஆன கூலியில் மார்த்தாண்டத்தில் இன்னொரு மெஷினே வாங்கியிருக்கலாம். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தேன். பல வருஷமாக அங்கே படகுப் பட்டறையில் ஊரார் எஞ்சினையெல்லாம் கழற்றி மாட்டியவர். இன்னும் சில மாதத்தில் ஒரேயடியாக ஊருக்கு வரப்போகிறார். என் தம்பியோ நினைவு தெரிந்த நாள் முதல் அடுத்தவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, அவன் கடலைப் பார்த்துக்கொள்ள, சொந்தமாக ஒரு வள்ளம் என்பது இருவரும் போனிலேயே கட்டிவைத்திருந்த கோட்டை.

நான் மறுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடல் இரைச்சலில் தூங்கி எழுந்து வளர்ந்தவள் நான். ஆனால் ஒரு நாள்கூட கடலுக்குள் போனதில்லை. பெண் ஏறினால் மீன் படாது என்பார்கள். சின்ன வயதில், கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்ததற்கு கரையே கூடி என்னை ஏசியது. அப்புறம் படித்து, டீச்சராகி, “ஆற்றின் போக்கில் செல்லும் ஓடத்தின் வேகம் என்ன” என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுகிறேன். ஓடத்தில் ஏறியிருக்கிறீர்களா டீச்சர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

“தண்ணியில எறக்குற அன்னைக்கு நான் ஏறணும். சம்மதம்னா மேடியுங்க” என்றேன்.

“நீதான் மொதல்ல ஏறுவ” என்றார் அவர், சந்தோஷத்தில். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் கப்பலையே எழுதிக் கொடுத்திருப்பார்.

படகு வந்தது, அவர் வருவதற்கு முன்பே. தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தம்பியும் நானும்தான் போனோம். அங்கே ஒரு சுங்க அதிகாரி படகைச் சுற்றி நடந்து, மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மீன் பிடிக்கவா, சவாரி போகவா?” என்று கேட்டார். மீன் பிடிக்கத்தான் என்றேன். அந்த மெத்தை என்னைப் பொய்க்காரியாக்கியது. ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள். அது வந்ததும் இன்னொன்று. அதுவரை படகு இருந்த இடத்துக்கு வாடகை, தூக்கிய கிரேனுக்குக் கூலி, எல்லாவற்றுக்கும் மேலே வரி. பாதிக்குப் பாதி என்று கிளம்பிய மிச்சம் கால் ஆகி, அரைக்கால் ஆகி, திரும்பி வரும் வழியில் நாங்கள் குடித்த சாயாவோடு தீர்ந்தே போனது. கணக்கைப் போனில் ஒப்பித்தேன். “மெத்த கெடச்சில்லியா?” என்றார் அவர். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

லாரியில் படகு ஊர் வந்த வேடிக்கையைச் சொல்லாமல் விட மனசில்லை. முன்னால் லாரி, பின்னால் என் கார். ஆரல்வாய்மொழி தாண்டி வயல் ஓரத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று கையாட்டினார்கள். தக்கலையில் பள்ளிவிட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு கூடவே ஓடினார்கள். கருங்கல் தாண்டி வழி குறுகிய பிறகு, தொங்கும் ஒயர்களைத் தம்பி படகின் மேல் நின்று கம்பால் தூக்கித் தூக்கி விட்டான். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு வரவேற்பு இருந்திருக்காது.

இறக்கியது ஒரு சனிக்கிழமை காலை. கடல் அடங்கியிருந்த மாதம். பங்குத் தந்தை வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போனார். ஷார்ஜாவிலிருந்து படகோடு வந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை நான் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். தம்பி என் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்தான்.

“அக்கா, வேற என்ன வேணும்னாலும் கேளு. மொத நாளு பெண்ணு ஏறப்புடாது. நான் சொல்லயில்ல, மத்தவங்க சொல்லுவாங்க.”

“ஏலே, தூத்துக்குடியில நாயா அலைஞ்சது பெண்ணு இல்லியா? அப்பம் மத்தவங்க எங்கலே போயிருந்தாங்க?”

அவன் கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். இறக்குவதைக் காட்ட வீடியோ காலில் வைத்திருந்த போனை உயர்த்தி, வாக்குக் கொடுத்த மனுஷனிடமே நியாயம் கேட்டேன். ஷார்ஜாவிலிருந்து விழித்துக்கொண்டிருந்த முகம் மனைவியையும் பார்த்தது, மச்சினனையும் பார்த்தது. “கேக்கல்லியே... நெட்வொர்க் சரியில்ல...” என்றது. படம் கண்ணாடி போலத் தெரிந்துகொண்டிருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு முன் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மிதவைச் சட்டையைக் கழற்றாமல் நின்றேன். தம்பியும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் ஏறினார்கள். எஞ்சின் ஒரே தட்டில் உயிர் பிடித்தது. கரை கைதட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் எங்கள் துறைமுகத்தில் நடித்துக் காட்டுவார்கள். எங்கள் வள்ளங்களில் ஸ்டியரிங் கிடையாது. பின்னால் உட்கார்ந்து எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் போகும். தம்பியின் கை அப்படியே பழகிய கை. வள்ளத்தைத் திருப்பி ஓட்டுவதில் கரையிலேயே நல்ல அமரக்காரன் என்று பேர் வாங்கிய கை. அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடித்ததும், வலப்பக்கம் போக இடப்பக்கம் திருப்பியது. படகு இடப்பக்கமே போனது. அவன் பதறி இன்னும் பலமாகத் திருப்பினான். அது இன்னும் பலமாகப் போய், கட்டிப்போட்டிருந்த வள்ளங்களை முட்டப் பார்த்தது.

“ஏலே, வலத்தோட்டு! வலத்தோட்டு!” என்று கரை முழுக்கக் கத்தல்.

“வலத்தோட்டுதானே திருப்புதேன்!” என்று அவன் அலறினான்.

எஞ்சினை நிறுத்தி, கயிறு வீசி, ஒரு வழியாகப் படகைச் சுவரோரம் இழுத்தார்கள். தம்பியின் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, மறுபக்கம், உண்மையைச் சொன்னால், கொண்டாட்டமாகவும் இருந்தது. தூத்துக்குடி வரை கார் ஓட்டிப் போய்வந்தவள் நான். அன்றைக்குக் கரையில் நின்ற எங்கள் குடும்பத்தாரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். போனைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு சுவரிலிருந்து இறங்கிப் படகில் ஏறினேன். ஒருவரும் தடுக்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கரையில் நின்றவர்களுக்கு மூச்சு வாங்கியது.

“நகருலே. இது கைய எங்க திருப்புதியோ அங்கதான் போவும். நீ கடலப் பாத்து எங்கன்னு மட்டும் சொல்லு.”

அவன் என்னைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், விலகி நின்றான். பிறகு கையை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் துறைமுகத்துக்குள் பைய ஒரு சுற்று. பிறகு கடலுக்குத் திறக்கும் வாய்ப்பகுதிக்கு வந்ததும் என்னை நிறுத்தச் சொன்னான். அங்கே அலை உடையும். மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டேன்.

“இப்பம் வேண்டாம்... நில்லு... இதும் வேண்டாம்... இப்பம் போ அக்கா, போ!”

முடுக்கினேன். மூக்கு மேலே எழுந்தது, வயிறு கீழே போனது, முகத்தில் உப்புத் தண்ணீர் அறைந்தது. நான் கத்தினேன். பயத்தில் என்று தம்பி நினைத்தான். பயமே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, அதை எப்படிச் சத்தமாக்குவது என்று தெரியாமல் கத்தினேன். வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்தேன். கோயில் கோபுரங்கள், பள்ளிவாசல், தென்னைகள், அவற்றுக்குப் பின்னால் நீல மலை. நான் பிறந்து வளர்ந்த கரைதான். கடலிலிருந்து அது இப்படித்தான் தெரியும் என்று எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

கூட்டாளிகள் தூண்டில் போட்டார்கள். அயலை மீன் வரிசையாகப் பட்டது, கடைசியில் ஒரு பாரையும் கிடைத்தது. பெண் ஏறிய வள்ளத்தில் மீன் படாது என்பதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்டுக் குத்தவில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.

கரைக்கு வந்ததும் தம்பி மீனைச் சாக்கில் கொட்டினான். எங்கள் கரையில், விற்பதற்கு முன்னால் கடலுக்குப் போன ஒவ்வொரு ஆளுக்கும் கறிக்குக் கொஞ்சம் மீன் தனியாக எடுத்து வைப்பார்கள். போனவருக்கு மட்டும்தான். தம்பி குனிந்து நாலு குவியல் வைத்தான். ஒன்று கூடுகிறதே, பங்குக் கோயிலுக்குக் கொடுக்கவா என்று கேட்டேன்.

“அது உனக்கது” என்றான்.

“வீட்டுக்கா?”

“வீட்டுக்கு இல்ல அக்கா. கடலுக்குப் போன ஆளுக்கு.”

அப்பாவின் பங்கை வாங்கி, தம்பியின் பங்கை வாங்கி, எத்தனை வருஷம் மீன் அரிந்திருப்பேன்! அவன் முன்னால் அழக்கூடாது என்று இந்த முறை நினைக்கவே இல்லை. துப்பட்டா முடிச்சிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. நான் அணைக்க மறந்த போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஏட்டி, வள்ளம் மேடிச்சது நான். எனக்க பங்கு எங்க?”

“நீங்க கடலுக்குப் போவல்லியே” என்றேன். என் பங்கை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.