செயினுக்குச் சொட்டிய ஆயில்

எண்பதுகளில், கடற்காற்றில் செயின் துருப்பிடிக்கிறதே என்று, தானாக ஆயில் சொட்டும்படி ஒரு டப்பாவையும் சலைன் குழாயையும் என் மோட்டார் சைக்கிளில் நானே பொருத்தினேன். பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் கோட்டுச்சேரி கடைத்தெருவில் வண்டியை நிறுத்தியபோது குழாயை அடைக்க மறந்துவிட்டேன். டீ குடித்துத் திரும்பினால் ரோடெல்லாம் ஆயில். அதில் வழுக்கி, சைக்கிளோடு விழுந்து கிடந்தார் ஒரு பெரியவர். தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அவர் மகள் ஓடிவந்து என்னைக் கும்பிட்டாள். "எந்தப் பாவி ஆயில ஊத்துனானோ! நீங்க மட்டும் இல்லன்னா அப்பா என்ன ஆயிருப்பாங்கண்ணே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "பரவால்லம்மா" என்றுதான் வந்தது. கட்டிலுக்கு மேலே, அதே மாதிரிக் குழாயில் சலைன் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றே டப்பாவைக் கழற்றி எறிந்தேன். அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் பத்திரிகை இன்றும் எனக்குத்தான் வருகிறது. ஒன்றுக்கும் நான் போனதில்லை.