பெட்ரோல் பம்ப்பும் அத்தையின் பல்லியும்

இப்போது வரும் கார்களில் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வருவதில்லை. எனக்கு அதில் ஒரு குறைதான். அந்தக் காலத்து என் வண்டி சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று பேசும். பானெட்டுக்குள் இருந்த மின்சாரப் பெட்ரோல் பம்ப்பின் சத்தம் அது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பும்வரை அடித்துவிட்டு, நிரம்பியதும் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டியதுதான்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினேன். பெட்ரோல் ரேஷன் காலத்தில் வருஷக்கணக்காக ஷெட்டில் கிடந்த வண்டி. மயிலாப்பூரில் கிழக்குப் பார்த்த வீடு எங்களுடையது. வடக்குச் சுவரை ஒட்டி ஒரு சந்து. வண்டியை மூக்கு உள்ளே போகும்படி அந்தச் சந்தில் விடுவேன். அப்போது பானெட் வந்து நிற்கும் இடம் கூடத்து ஜன்னலுக்கு நேரே வடமேற்கு. வீட்டின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய விஷயம் இது என்று எனக்கு அப்போது தெரியாது.

வீட்டில் நாலு பேர். அப்பா, அப்பாவின் தமக்கையான அத்தை, என் அக்கா, நான். அம்மா எப்போதோ போய்விட்டாள். ஆட்சி அத்தையுடையது. அப்பா ஆபீசில் எப்படியோ, வீட்டில் வராந்தா சாய்வு நாற்காலியும் பேப்பரும்தான். அத்தை பேச ஆரம்பித்தால் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். அக்கா பத்தொன்பது வயதில் தாலியை இழந்து திரும்பி வந்தவள். அவளை அன்றிலிருந்து அடுக்களைக்கும் பூஜை அறைக்கும் நடுவே வைத்தது அத்தைதான். அத்தையும் அதே வழியாக வந்தவள். ‘நான் இருக்கலையா?’ என்று அவள் கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் நானும் சொன்னதில்லை.

அடையாறில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர அக்கா மனுப் போட்டாள். நேரில் வரச் சொன்னார்கள். பஸ்ஸில் நாலு பேர் கண்ணில் படக்கூடாது, தம்பி காரில் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அத்தை எப்படியோ இறங்கி வந்தாள். மேலே கூரையே இல்லாத வண்டியில் நாற்பது பேர் கண்ணில் படலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. நானா எடுத்துக் கொடுப்பேன்?

கிளம்புகிற அன்று அக்கா வாசற்படியில் நின்றாள். நான் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக். நிற்கவில்லை. பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்துவிட்டால் அது பெட்ரோலை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும், ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் பல்லி கத்தினால் மட்டும் பாம்புக் காது.

“கௌளி சொல்றதுடி. வாயு மூலை. காரியம் காத்துல போயிடும். உள்ள வா” என்றாள். வாயு மூலை என்றால் வடமேற்கு.

“அத்தை, அது பல்லி இல்லை, பம்ப்” என்றேன்.

“வண்டிக்குள்ள பல்லி போகாதோ? ஓயாம சொல்றதே, கேக்கலையா நோக்கு?”

அப்பாவின் பேப்பர் மேலே ஏறியது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். இனி தேவைப்படாது என்பதுபோல் அதை ஜோடி சேர்த்து வைத்திருந்தாள்.

பள்ளியில் போய்க் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கி வந்தேன். அன்றும் வராவிட்டால் சேர்க்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தை ஒரு விதி போட்டாள். கெட்ட கௌளியை நல்ல கௌளிதான் அழிக்கும். ஈசான்ய மூலையில் ஒரு தடவையாவது சொன்னால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை.

பம்ப்புக்கு அலைந்தேன். மவுண்ட் ரோடு கம்பெனிகளில் கை விரித்துவிட்டார்கள். கடைசியில் புதுப்பேட்டையில், பட்டாளம் கழித்த சாமான்களைக் குவித்து வைத்திருந்த கடையில் கிடைத்தது.

“இன்னா சார் முழிக்கிறே? உள்ள ஜவ்வு நல்லா கீது. ஊதிப் பாத்துக்கினு எடுத்துக்கினு போ” என்றார் கடைக்காரர். ஊதிப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு வாயில் பெட்ரோல் நாற்றம் போகவில்லை.

மத்தியானம் அத்தை தூங்கும் நேரத்தில் வேலையை வைத்துக்கொண்டேன். பழைய பம்ப்பின் மேல் நட்டு சுலபமாகக் கழன்றது. கீழ் நட்டு, பம்ப்பைத் தாங்கும் பலகைக்கும் குழாய்க்கும் நடுவே ஒளிந்துகொண்டிருந்தது. என் கை உள்ளே நுழையவில்லை. விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

“தள்ளு, நான் பாக்கறேன்.”

“கை எண்ணெயாயிடும் அக்கா.”

“ஆகட்டுமே. என் கை போகும். வளையல் இருந்தாத்தானே இடிக்கும்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பானரைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவியே நட்டைக் கழற்றினாள். புதுப் பம்ப்பை வைத்ததும் அதே போல் முடுக்கினாள். நான் வயரை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் கொஞ்ச நேரம் அடித்து, ஒழுங்காக நின்றது. எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டு, என் வேஷ்டியில் துடைத்தாள். சின்ன வயதில் மாங்காய் தின்றுவிட்டு அப்படித்தான் செய்வாள்.

அப்புறம் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், “ஏண்டா, வண்டியைத் திருப்பி நிறுத்தினா மூக்கு எங்க வரும்?” என்றாள்.

நான் விழித்தேன். மூக்கு தெருப்பக்கம் வரும். தெருப்பக்கம் கிழக்கு. கூடத்திலிருந்து கேட்டால் வடகிழக்கு. சாட்சாத் ஈசான்ய மூலை! பஞ்சாங்கத்தை அத்தையிடமே பாடம் கேட்டவள் அல்லவா? இருவரும் சத்தம் போடாமல் வண்டியைத் தள்ளித் திருப்பி நிறுத்தினோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

மறுநாள்தான் பள்ளிக்குப் போக வேண்டிய நாள். காலையில் அத்தை கூடத்து நடுவில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அக்கா வாசற்படியில். அப்பா வராந்தாவின் வடக்கு ஓரத்தில், வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால். நான் சாவியைத் திருப்பினேன்.

சத்தமே இல்லை.

முதல் நாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் கார்புரேட்டர் நிரம்பிக் கிடந்தது. நிரம்பியிருந்தால் நல்ல பம்ப் ஏன் அடிக்கப் போகிறது? சாவியை அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன். ஊமைப் பம்ப். எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் சொல்லலையே” என்றாள் அத்தை. “போறும், உள்ள வா.”

அக்கா ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்துவிட்டாள். அப்போது கேட்டது.

ட்சு, ட்சு, ட்சு.

என் கை சாவியில்கூட இல்லை. சத்தம் வராந்தாவிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் முகம் தெரியவில்லை. பேப்பர் மட்டும் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அத்தை நிலைப்படியில் விரலால் மூன்று முறை தட்டினாள். “கிருஷ்ணா, கிருஷ்ணா. ஈசான்யம். போயிட்டு வாங்கோ” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்துதான் விட்டாளா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

சாந்தோம் வழியாகப் போனோம். காலை வெயில், கடல் காற்று, தெருவில் வண்டிகளே இல்லை. அக்கா முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அடையாற்றுப் பாலம் வந்தது. பாலத்தின் மேல் திரும்பிப் பார்த்தால், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினேன்.

“அழாதே அக்கா. பம்ப் என்னவோ அடிக்கலை, ஆனா…”

“அது பம்ப் இல்லைன்னு நேக்குத் தெரியாதாடா?” என்றாள். “நான் இந்த ஆத்துக்குத் திரும்பி வந்ததுலேர்ந்து அப்பா எனக்காக வாயைத் திறந்தது இன்னிக்குத்தான்.”