வெலிச்காவின் ஊரில் ஒரு பாத்திரம் கோதுமை

எங்கள் ஊர் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் சுற்றுலாவுக்கு ஆள் திரட்டுவது என் தலையில் விழுந்த வேலை. போகும்போது இருந்தவர்கள் எல்லோரையும் திரும்பும்போதும் பேருந்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, முட்டி வலிக்கிறது என்று ஆளுக்கொரு பாட்டு. பிளோவ்டிவ் நகரத்துக்குப் போன அன்று ஸ்தோயில் அண்ணன் மூடி போட்ட பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. அதில் உட்கார யாரும் கேட்கவில்லை.

பாத்திரத்தில் என்ன என்று கேட்கத் தேவையில்லை. அவர் மனைவி வெலிச்கா போய் அன்றோடு ஒரு வருடம். கோதுமையை வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, சர்க்கரைத் தூளும் வால்நட்டும் சேர்த்துச் செத்தவர்கள் பேரில் கொடுப்போம். வாங்கித் தின்பவர் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்காகத்தான் கொடுப்பதே. கொடுக்கக் கொண்டுபோனதை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது எங்களில் கிடையாது.

உள்ளூரிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் வெலிச்கா பிளோவ்டிவ்காரி. எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து கிழவியான பிறகும் பிளோவ்டிவ்காரியாகவே இருந்தாள். சந்தையில் தக்காளியை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்க ஊர்ல இதை ஆட்டுக்குக்கூடப் போட மாட்டாங்க என்பாள். மின்கா வீட்டு விருந்தில் பாலாடைக்கட்டி அப்பத்தைத் தின்றுவிட்டு, நல்லாருக்கு, செருப்புக்கு அடித்தோலா வைக்கலாம் என்றாள். அன்றிலிருந்து மின்காவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. மற்றவர்களும் மெல்ல மெல்ல ஒதுங்கினோம். படுக்கையில் கிடந்தபோது புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எங்க ஊர்க்காரங்க ஒருத்தராவது எனக்காக அந்த வார்த்தையைச் சொல்லணும்.

அதற்காகத்தான் அவர் வந்திருந்தார். ரோமானியர்கள் கட்டியதைப் பார்க்க அல்ல.

கடைத்தெருவுக்குக் கீழே தோண்டி எடுத்த ரோமானிய ஓட்டப்பந்தய அரங்கை எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். பளிங்குப் படிகளில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பூனையைத்தான் அதிகம் பார்த்தோம். பிறகு பழைய நகரத்து மேட்டில், உருண்டைக் கல் பாவிய சந்துகளில், முட்டியைச் சபித்துக்கொண்டு ஏறினோம். மேலே ரோமானிய நாடக அரங்கம். எல்லோரும் படிகளில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனபோது காவலாளி வந்து இங்கே தின்னக்கூடாது என்று விரட்டினான். ஸ்தோயில் அண்ணன் அவனிடமே பாத்திரத்தைத் திறந்து காட்டினார். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்தக் கூட்டத்தில் எங்கள் மொழி பேசிய வெளியாள் அவன் ஒருவன்தான்.

அவர் அரங்கத்தை விட்டு வெளியே நடந்தார். தொலைத்துவிட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று நானும் பின்னாலே போனேன். கழிப்பறை தேடி மின்காவும் வந்தாள். வெலிச்கா பிறந்த வீடு அடுத்த சந்தில் இருந்தது. இப்போது அது தங்கும் விடுதி. வாசலில் வெயிலில் சிவந்த வெளிநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் காகிதக் கிண்ணத்தில் கோதுமையை எடுத்து முதல் பெண்ணிடம் நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அடுத்தவரிடம் நீட்டினார். அவரும் அப்படியே. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, இவர் கிண்ணத்தைப் பாத்திரத்தில் கவிழ்த்து மூடினார். எங்களில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். இடமும் வலமும் ஆட்டினால்தான் சரி.

"அவ பொறந்த வாசல்லயே வேணாங்கிறாங்க, யோர்தான்கா," என்றார் என்னிடம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கதவில் ஒரு நிமிடம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நாங்கள் இறங்கி வந்துவிட்டோம்.

திரும்பும்போது பேருந்தில் எல்லோரும் பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். அவர் மட்டும் மூடியின் மேல் கையை வைத்து வெளியே சூரியகாந்தி வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்கா எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், அந்தக் காலி இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொரு குளிர்காலத்தையும் ஜெர்மனியில் மகன் வீட்டில் கழிப்பவள்.

"ஏன் அண்ணே, அந்தப் புள்ளைங்க வாயில வைக்கப் போனதைப் புடுங்கிட்டு வந்துட்டீங்களே."

"அவங்கதான் வேணாம்னு தலையாட்டுனாங்களே."

"அவங்க ஊர்ல அது 'குடு'ன்னு அர்த்தம். நானும் முதல் வருஷம் மருமக காப்பி ஊத்த வரும்போதெல்லாம் போதும்னு தலையாட்டி, வயிறு வீங்கிப் போனேன்."

பேருந்தே சிரித்தது. ஸ்தோயில் அண்ணனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பிறந்த வாசல் அவளை விரட்டவில்லை, அதுவே அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லையே.

மின்கா உள்ளங்கையை நீட்டினாள். அவர் தயங்கினார். வெலிச்கா இருந்திருந்தால் அந்தக் கையில் ஒரு மணிகூட வைக்க விட்டிருக்க மாட்டாள். மின்கா கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் ஒரு கரண்டி வைத்தார்.

"கடவுள் வெலிச்காவை மன்னிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் நிதானமாக மென்றாள். "சர்க்கரை கம்மி. அவ செஞ்சிருந்தா சரியா இருந்திருக்கும்."

அதன் பிறகு பாத்திரம் வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்தது. ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஓட்டுநரும் சொன்னார். அவளோடு ஒரு தரமாவது சண்டை போடாதவர் அந்தப் பேருந்தில் ஓட்டுநர் மட்டுமே. நானும் தின்றேன், சொன்னேன். பாத்திரம் அவரிடம் திரும்பிப் போனபோது அடியில் நாலு மணியும் சர்க்கரைத் தூளும்தான் மிச்சம்.

ஊர் வந்து எல்லோரும் இறங்கியாயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. நல்லபடியாக முடிந்ததே, இன்னும் என்ன என்று கேட்டேன்.

"ஒன்பதாம் நாள் செஞ்சேன். நாப்பதாம் நாள், அரை வருஷம், இன்னைக்கு வருஷம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம் முன்னாடியே ஓடிக்கிட்டிருப்பேன். இனிமே ஊரோட சேர்ந்து எல்லாச் செத்தவங்களுக்கும் கொடுக்கிறதுதான். அவளுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு நான் என்ன செய்யணும், யோர்தான்கா?"

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "முதல்ல வீட்டுக்குப் போங்க. அந்தப் பாத்திரத்தைக் கழுவி வைங்க."

அவர் பாத்திரத்தை மூடினார். தலையை மேலும் கீழும் ஆட்டினார், எங்கள் ஊர் வழக்கப்படி. பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.