தெருவுக்கு ஒரே நம்பர்

திண்டிவனம் மேட்டுத் தெருவில் முப்பத்தோரு வீடு. அதில் பத்தொன்பது வீட்டு ரேஷன் கார்டிலும், பதினான்கு வீட்டு கேஸ் புத்தகத்திலும் எழுதியிருப்பது ஒரே செல்போன் நம்பர். அது காந்திமதியின் நம்பர். இதற்காக யாரும் அவளுக்கு மாலை போட்டதில்லை.

காந்திமதி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வயது ஐம்பத்து மூன்று, வாய் கொஞ்சம் நீளம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவே ஓசி டாக்டைமுக்காக மாதம் ஒரு சிம் மாற்றிக்கொண்டிருந்தது. மாவு வாடிக்கை போய்விடுமே என்ற பயத்தில் காந்திமதி மட்டும் மாற்றவில்லை. ஆகவே எந்த ஃபாரம் வந்தாலும், "அக்கா நம்பரப் போட்டுடு" என்று ஆகிவிட்டது. பிறகு எல்லார் வீட்டுக்கும் நல்ல போன் வந்தது, ஆனால் நம்பரை மாற்றப் போக எவருக்கும் உடம்பு வளையவில்லை. இன்றைக்கும் சிலிண்டர்காரன் வாசலில் நின்று ஓடிபி கேட்டால், அந்த வீட்டுக்காரி தன் போனைத் தேட மாட்டாள். காந்திமதியின் கிரைண்டர் பக்கம் திரும்பிக் கத்துவாள்.

இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் வெண்ணிலா டிக்கெட் எடுத்து அனுப்பினாள். மகளை நேரில் பார்த்து மூன்று வருஷம். பதினைந்து நாள் உடன் இருக்கலாம். விழுப்புரத்துக்கு இரண்டு நடை நடந்து காந்திமதி பாஸ்போர்ட் வாங்கி வந்தாள். தெருவில் ஒருவரும் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப ஓடிபி?" என்றுதான் கேட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஜெகதீசனிடம் போனாள். அவன் அவளுடைய போனை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"மூணு வழி இருக்குதுக்கா. ஒண்ணு, ரோமிங் பேக்கு. நம்ம சிம்மே அங்க வேலை செய்யும், ஆனா ஒரு நாளைக்கு ஆவுற காசுல நீ நாலு நாள் உளுந்து வாங்கலாம். ரெண்டு, அங்க எறங்கினதும் அந்த ஊரு சிம்மு வாங்கிக்கணும், நெட்டு சீப்பு. மூணு, ஈ-சிம், கார்டே இல்லாத சிம்மு. அதுக்கு உன் போனு ஒத்து வராது."

"அந்த ஊரு சிம்மு போட்டா நம்ம சிம்மு?"

"இங்க வெச்சுட்டுப் போயிடு. பட்டன் போன்ல போட்டு வீட்ல குடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

அன்று சாயங்காலமே இதைத் தெருவுக்குத் தீர்ப்பாக அறிவித்தவர் விருத்தாசலம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தினமும் அரைப் படி மாவு வாங்குகிறவர். "சிம்மு இங்கியே இருக்கட்டும் காந்திமதி. நடராசன் பாத்துப்பான்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நடராசன் காந்திமதியின் புருஷன். நல்ல மனிதர். ஆனால் எதைப் படித்தாலும் சத்தமாகப் படிப்பார். பேப்பர், கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், எல்லாமே தெருக்கோடிவரை கேட்கும். வாய்க்குள் படித்தால் தலையில் ஏறாது என்பது அவர் கட்சி. அவர் கையில் அந்த சிம்மைக் கொடுப்பதும் கோயில் மைக்கைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

அந்த நம்பருக்கு என்னென்ன வருகிறது என்று காந்திமதிக்கு மட்டும்தான் தெரியும். விருத்தாசலம் நெட் சென்டர்காரனைப் பிடித்துத் திருமணத் தகவல் நிலையத்தில் பெயர் பதிந்திருந்தார், அதுவும் தெரு வழக்கப்படி அவள் நம்பரில். எட்டு மாதமாக அவருக்கு வரன்கள் வந்துகொண்டே இருந்தன, காந்திமதியின் போனில். அறுபத்தோரு வயது ஆளிடம், அதுவும் மாவுப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவரிடம், "உங்களுக்குப் பொண்ணு வந்திருக்குது" என்று எப்படிச் சொல்வது? வெட்கப்பட்டு அழித்துவிடுவாள். அவரோ காலையில் வந்ததும், "எதுனா மெசேஜ் வந்துச்சா?" என்பார். "இல்லீங்களே" என்பாள்.

அதுகூடப் போகட்டும். பக்கத்து வீட்டு மருமகள் ரோஜா யாருக்கும் தெரியாமல் சர்க்கார் வேலைப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவள் புருஷன் திருமுருகனுக்குப் பெண்டாட்டி வேலைக்குப் போவது பிடிக்காது. மாமியார் லட்சுமியம்மாளின் வாயைப் பற்றித் தெருவே சொல்லும். மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒரே போன், அதில் வருகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் லட்சுமியம்மாள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாள். ஆகவே ரோஜாவும் காந்திமதியின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். ஹால் டிக்கெட் வந்ததென்ற செய்தி அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் வரும். நடராசன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தால் ரோஜா பரீட்சை எழுதின மாதிரிதான்.

காந்திமதி மறுபடி ஜெகதீசனிடம் போய், "சிம்ம வெச்சுட்டுப் போவ முடியாது. வேற வழி சொல்லு" என்றாள்.

அவன் போனைக் கழற்றினான். இரண்டாவது சிம் போடும் இடத்தில் மெமரி கார்டு உட்கார்ந்திருந்தது. நானூறு அம்மன் பாட்டு. "இத்த எடுத்துட்டா அந்த ஊரு சிம்மு இங்க உக்காரும். நம்ம சிம்முல நெட்ட நிறுத்திடு. மெசேஜ் மட்டும் சும்மா வரும். ஆனா நம்ம நம்பருக்கு போன் வந்தா எடுக்காத. நீ பண்ணாலும் அவங்க எடுக்கக் கூடாது. எடுத்தா காசு பிச்சுக்கினு போவும்."

அம்மன் வீட்டிலேயே தங்கினாள். தெருவுக்கு காந்திமதி சட்டம் போட்டாள். கேஸ் என்றால் ஒரு மிஸ்டு கால், ரேஷன் என்றால் இரண்டு. அவள் அந்த ஊர் நெட்டில் ஓடிபியை அனுப்புவாள். "அந்த நம்பர விட மனசு வருதா பாரு" என்று லட்சுமியம்மாள் தெருவில் நின்றே சொன்னாள். காந்திமதிக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். ரோஜாவிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "சீட்டு வந்தா உங்க வீட்டு போனுக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். எடுக்காத. ஜல்தியா ஜெகதீசன் கடைக்குப் போயி பிரிண்ட் எடுத்துடு."

சிங்கப்பூரில் அவளுக்குப் பிடித்தது மகள் கையால் சாப்பிட்டது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் மேட்டுத் தெரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தது. "நீ என்னப் பாக்க வந்தியா, சிலிண்டரப் பாக்க வந்தியா?" என்று வெண்ணிலா கோபித்துக்கொண்டாள். கோபத்தில் நியாயம் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் ஹால் டிக்கெட் செய்தி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. காந்திமதி லட்சுமியம்மாள் வீட்டு நம்பரை அழுத்தினாள். ஒரு ரிங்கில் கட் பண்ண வேண்டும். பாதி ரிங்கிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"காந்திமதியா? ஃபாரின்ல இருந்து பேசுறியா?" லட்சுமியம்மாளின் குரலில் அப்படி ஒரு பெருமை. அவள் வாழ்க்கையில் முதல் வெளிநாட்டு போன், எடுக்காமல் விடுவாளா?

"ஒண்ணுமில்ல, கை பட்டுடுச்சு. எங்க வீட்டுக்காரரு சாப்ட்டாரா?"

"அவரு சாப்ட்டாரு. ரோஜாவுக்கு சீட்டு வந்துடுச்சா?"

காந்திமதி போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள். "எந்த சீட்டு?"

"நடிக்காத. அவ படிக்கிற புக்க அரிசி டிரம்முல வெச்சிருக்கா. அந்த டிரம்முல அரிசி அள்றது யாரு, நானா நீயா? என்னிக்கி பரீட்சை?"

"ஞாயித்துக்கெழம."

"சரி. அன்னிக்கி திருமுருகன மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு இட்டுக்கினு போயிடறேன். ராவுக்குத்தான் வருவோம்."

"அன்னிக்கி அமாவாசையே இல்லியே?"

"என் வேண்டுதல், எனக்குத் தோணுற நாளு போவேன். இவனுக்கு இன்னா தெரியும்?"

காந்திமதிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. "காசு ஓடுது, வெச்சுடறேன்" என்றாள்.

"இரு இரு. விருத்தாசலத்துக்கு வரன் எதுனா அமைஞ்சுதா? பாவம், தெனமும் உன் வாசல்ல வந்து நின்னு மூஞ்சப் பாத்துக்கினு போறாரு. தனி ஆளுக்கு அரைப் படி மாவு எதுக்கு?"

காந்திமதி போனை வைத்தாள். எட்டு மாதத்தில் அழித்ததை எண்ணிப் பார்க்க முயன்றாள், முப்பதுக்கு மேல் எண்ண மனசு வரவில்லை. முந்தாநாள் வந்த ஒன்று மட்டும் அழிக்காமல் கிடந்தது. செஞ்சிப் பக்கம், ஓய்வு பெற்ற டீச்சர், வயது ஐம்பத்தெட்டு.

"யாரும்மா? இன்னும் சிலிண்டரா?" என்று உள்ளிருந்து வெண்ணிலா கேட்டாள்.

"இது ஒண்ணுதான், முடிச்சுட்டு வந்துடறேன்" என்றபடி காந்திமதி இன்னொரு நம்பரை அழுத்தினாள். இந்தத் தடவை மிஸ்டு கால் இல்லை, எடுக்கும்வரை விட்டாள்.

"அண்ணே, காந்திமதி பேசறேன். பக்கத்துல யாரும் இல்லியே?"